வேலைத்திறன் குறைவென்று நீக்கிய இடத்திலேயே மீண்டும் விண்ணப்பிப்பது எப்படி

கோலாலம்பூரில் வேலையை இழந்தவர் அடுத்த வாரமே தம்மை யாருக்கும் தெரியாத வேறொரு நிறுவனத்தின் கதவைத் தட்டலாம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் அது எளிதில்லை. சுற்றுவட்டாரத்தில் இருப்பவை சில தோட்டங்கள், ஆலைகள், பட்டறைகள், கடைகள் மட்டுமே. ஒரு தோட்டத்தின் தலைமைக் கிராணிக்கு, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தருக்கு, அடுத்த தோட்டத்தின் கிராணியைத் தெரியும். உதவி நிர்வாகிகள் மாற்றலாகி ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால், வேலைத்திறன் போதவில்லை என்று நீக்கப்பட்ட ஒருவர், ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே நிறுவனத்தின் வாசலுக்கே திரும்ப வேண்டிய நிலை இங்கே அடிக்கடி ஏற்படுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆள் எடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படித் திரும்பி வந்து நன்றாக வேலை செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லாருமே ஒரு கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வந்தவர்கள். அன்று எது சரியாக நடக்கவில்லையோ, அது இன்று சரியாக நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே அந்தக் கேள்வி. கீழே சொல்லப்படும் எல்லாமே அந்த ஒரு பதிலை எழுத்திலும் பேச்சிலும் உருவாக்குவதற்கான வழிகள்தாம்.

முதலில் கெடுவைப் பாருங்கள்

உங்களை நீக்கி இன்னும் அறுபது நாள் ஆகவில்லை என்றால், மறு விண்ணப்பத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய காரியங்கள் இரண்டு இருக்கின்றன.

நீக்கம் நியாயமற்றது என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால், 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுகள் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ், வேலையில் மீண்டும் அமர்த்தும்படி தொழிலியல் உறவுத் துறையிடம் மனுக் கொடுக்கலாம். அந்த மனு 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பேராக் மாநிலத்தவருக்கு அந்த அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது. வேலைத்திறன் குறைவைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கும் முதலாளி, குறையை அவருக்குச் சொல்லி எச்சரித்தாரா, திருத்திக்கொள்ளப் போதிய வாய்ப்பும் காலமும் கொடுத்தாரா, அதன் பிறகும் அவர் தேறவில்லையா என்பவற்றைத் தொழிலியல் நீதிமன்றம் பார்க்கும். எச்சரிக்கைக் கடிதமே இல்லாமல் திடீரென்று வெளியே அனுப்பப்பட்டவர், “கொஞ்ச நாள் கழித்து வா, பார்க்கலாம்” என்று அலுவலகத்தில் யாரோ சொன்ன வார்த்தையை நம்பி அறுபது நாளைக் கடக்க விட்டுவிடக் கூடாது. மறு விண்ணப்பம் வேறு, இந்த மனு வேறு. ஒன்றுக்காகக் காத்திருப்பதால் மற்றொன்றின் கெடு நீளாது. சங்க உறுப்பினராக இருந்தால், தோட்டத் தொழிலாளர்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளையையும், அலுவலக ஊழியர்கள் தங்கள் சங்கத்தையும் அந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது காரியம் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2018இல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டத்தின்கீழ், வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகைக்கும் வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமாக வேலையை விட்டவர்களுக்கும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் இது கிடைக்காது. ஒழுங்கீனமும் வேலைத்திறன் குறைவும் ஒன்றல்ல என்பதால், உங்கள் நீக்கக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே பெரிய விஷயமாகிறது. உதவித்தொகை ஆறு மாதம் வரை கிடைக்கலாம். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50 விழுக்காடு என்று குறைந்துகொண்டே போகும். இதே திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் பயிற்சி பெறுவதற்கு 4,000 ரிங்கிட் வரை கட்டண உதவியும் உண்டு. எந்தத் திறன் போதவில்லை என்று உங்களை அனுப்பினார்களோ, அதையே அந்த உதவியைக் கொண்டு கற்க முடிந்தால், அதைவிட நல்ல பயன் அந்தப் பணத்துக்கு இல்லை.

கடிதத்தை மீண்டும் படியுங்கள்

பலர் நீக்கக் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு அலமாரியில் எங்கேயோ வைத்துவிடுகிறார்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு, எச்சரிக்கைக் கடிதங்கள், ஆண்டு மதிப்பீட்டுப் படிவம், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நீங்கள் நீக்கப்பட்டீர்களா, சோதனைக் காலத்தின் முடிவில் நிரந்தரமாக்கப்படவில்லையா, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லையா, அல்லது நீக்கத்தைத் தவிர்ப்பதற்காக ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்களா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இவை நான்கும் கோப்பில் நான்கு விதமாகப் பதிவாகும். நீங்கள் ஒன்று சொல்லிக் கோப்பு வேறொன்று சொன்னால், அந்த ஒரு முரணே உங்கள் விண்ணப்பத்தை முடித்துவிடும்.

பெரிய தோட்ட நிறுவனங்களில் விலகிய ஊழியரின் பதிவில், மீண்டும் எடுக்கலாமா கூடாதா என்ற குறிப்பு இருப்பதுண்டு. அந்தக் குறிப்பு தோட்டத்து அலுவலகத்தில் இருக்காது. தலைமையகத்து மனிதவளப் பிரிவின் கணினியில் இருக்கும். நிர்வாகி மனமிரங்கி “வாப்பா” என்று சொன்ன பிறகு, தலைமையகம் அதைக் காட்டி மறுத்துவிடும்போது நிர்வாகிக்கும் சங்கடம், உங்களுக்கும் ஏமாற்றம். எனவே விண்ணப்பத்துக்கு முன்பே, மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி, முன்னாள் ஊழியர்கள் மீண்டும் விண்ணப்பிக்க நிறுவனத்தின் விதிகள் இடம் தருகின்றனவா, காத்திருக்க வேண்டிய காலம் ஏதும் உண்டா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் கதையை அதில் எழுத வேண்டாம். நீக்கக் கடிதத்தின் நகல் தொலைந்துவிட்டிருந்தால் அதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எதனால் தவறியது என்பதைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே விண்ணப்பக் கடிதத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக் கிராணியை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறியதும் மொத்த எடை பதிவாகிறது. குலையை இறக்கித் தரம் பார்த்த பிறகு வெறும் லாரி திரும்பி வந்து மீண்டும் ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குலையின் எடை. அந்த எடையைக் கிராணி எந்த வழங்குநரின் எண்ணில் பதிகிறாரோ, அவருக்குத்தான் பணம் போகும். மாலை நான்கு மணிக்கு லாரிகள் வாசல் தாண்டி வரிசை பிடித்து நிற்கின்றன. ஓட்டுநர்கள் சத்தம் போடுகிறார்கள். ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிஷன்களுக்கு, அதாவது பிரிவுகளுக்கு, ஓரிலக்கம் மட்டும் மாறிய எண்கள். மேல் டிவிஷன் குலை கீழ் டிவிஷன் கணக்கில் ஏறிவிடுகிறது. ஒருமுறை நடந்தால் திருத்தலாம். மாதத்துக்கு நான்கைந்து முறை நடந்தால், சிறுதோட்டக்காரர் தம் குலைக்குப் பணம் வரவில்லையென்று அலுவலகத்துக்கே வந்து நிற்பார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம், பிறகு நீக்கம்.

இப்போது கடிதத்தில் “கவனக்குறைவு” என்று ஒற்றைச் சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அந்தக் கணினி முறையை அவருக்கு யாரும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருக்கலாம். அது பயிற்சியால் தீரும். அந்த ஆண்டு அம்மாவை வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்று, தூக்கமில்லாமல் வேலைக்கு வந்திருக்கலாம். அது சூழ்நிலை, மாறியிருந்தால் தீர்ந்தது, மாறவில்லை என்றால் தீரவில்லை. அல்லது, நெருக்கடியான நேரத்தில் எண்களைக் கையாளும் வேலையே அவருக்கு ஒத்துவராததாக இருக்கலாம். அப்படியானால் அதே வேலையை மீண்டும் கேட்பது அவருக்கே தீங்கு. பண்டகசாலை, நாற்றுமேடை, பட்டறை என்று அதே நிறுவனத்தில் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதே சரி. இதைத் தோல்வியென்று நான் நினைக்கவில்லை. செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதத் திணறியவர் களப்பணியில் மண்டோராக, அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணியாக, சிறந்து விளங்குவது தோட்டங்களில் புதிதுமில்லை.

இந்தக் காரணத்தை நீங்களே தனியாக முடிவு செய்யாமல், உங்களோடு வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதைய மேற்பார்வையாளர் பேசத் தக்கவராக இருந்தால் அவரே சிறந்தவர். ஆனால் ஒட்டுக்கடையில் நாலு பேர் நடுவிலோ, கோயில் திருவிழாவிலோ அவரைப் பிடிக்க வேண்டாம். முன்கூட்டி அழைத்து, “அண்ணே, வேலை கேட்டு வரவில்லை. அன்றைக்கு என் வேலையில் எது உங்களுக்கு அதிகமாகச் சிரமம் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், பத்து நிமிஷம் போதும்” என்று கேளுங்கள். அவர் சொல்வதை மறுத்துப் பேசாமல் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள்.

இடைக்காலத்தில் ஆதாரம் சேர்ப்பது

திருந்திவிட்டேன் என்று சொல்வதற்கு மதிப்பு குறைவு. திருந்தியதைக் காட்டும் தாளுக்கு மதிப்பு அதிகம். மேலே சொன்ன கிராணி, ஊரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் ஓராண்டு இருந்து, மாத இறுதி இருப்புக் கணக்குகள் ஒத்துப்போயின என்று கடை முதலாளியிடம் நான்கு வரிக் கடிதம் வாங்கி வந்தால், அது பத்துச் சிபாரிசுகளுக்குச் சமம். சம்பளம் குறைவாக இருந்தாலும், விட்டுப்போன அதே திறனைப் பயன்படுத்தும் இடைக்கால வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான அறிவுரை.

சான்றிதழ்களும் அப்படித்தான், குறையோடு நேராகப் பொருந்த வேண்டும். குலையின் தரம் பார்ப்பதில் தவறியவருக்கு, மலேசியச் செம்பனை வாரியம் நடத்தும் தரம்பிரித்தல் பயிற்சி பொருந்தும். மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ 2020 முதல் கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து, மருந்துக் கிடங்குப் பதிவு, பயிற்சிப் பதிவு, விபத்துப் பதிவு என்று தோட்ட அலுவலகங்களில் எழுத்துவேலை பெருகிவிட்டது. தணிக்கைக்கு ஆவணங்களை ஒழுங்காக வைக்கவில்லை என்று வேலை இழந்தவர்கள், அந்தத் தரநிலையின் தேவைகளைக் கற்று வந்தால் எந்த நிர்வாகியும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். தொடர்பில்லாத ஐந்து சான்றிதழ்களை அடுக்கி வைப்பது உதவாது.

எவ்வளவு காலம் காத்திருப்பது? நிறுவனம் காலம் எதுவும் விதிக்கவில்லை என்றால், குறைந்தது ஓராண்டு என்று நான் சொல்வேன். மூன்று மாதத்தில் திரும்பி வருபவரிடம் காட்ட எதுவும் இருப்பதில்லை. தோட்ட நிர்வாகிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாவது வழக்கம் என்பதால், பழைய நிர்வாகி போகட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. புதியவரிடம் பேசுவது மனத்துக்கு எளிதாக இருக்கலாம். ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது என்று எண்ணி மறைத்துவிட முடியாது. அவர் நாற்காலியில் அமர்ந்த முதல் வாரத்திலேயே தலைமைக் கிராணி அவருக்கு எல்லாரைப் பற்றியும் சொல்லியிருப்பார்.

விண்ணப்பம்

படிவத்தில், முன்பு இந்த நிறுவனத்தில் பணிபுரிந்ததுண்டா, விலகிய காரணம் என்ன என்ற கேள்விகள் பெரும்பாலும் இருக்கும். உண்மையை எழுதுங்கள். வேலைத்திறன் குறைவுக்காக நீக்கப்பட்டது திருத்தக்கூடிய குறை. படிவத்தில் பொய் எழுதியது பின்னாளில் தெரிந்தால் அது ஒழுங்கீனம், அதற்காக மீண்டும் நீக்கப்படலாம், அதன் பிறகு அந்த வாசல் திறக்காது.

கடிதம் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ, அலுவலகம் எதைப் பயன்படுத்துகிறதோ அதில் இருக்கட்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பார்த்துக்கொள்வது சிந்தனையைத் தெளிவாக்கும். நீக்கத்தைப் பற்றிய பத்தி நான்கைந்து வரியைத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“முன்பு தங்கள் ஆலையில் இரண்டு ஆண்டுகள் எடைமேடைக் கிராணியாகப் பணியாற்றினேன். வழங்குநர் எண்களைப் பதிவதில் ஏற்பட்ட பிழைகள் இரண்டு எச்சரிக்கைகளுக்குப் பிறகும் தொடர்ந்ததால் பணியிலிருந்து நீக்கப்பட்டேன். அதன்பின் ஒரு கடையில் சரக்குக் கணக்கைப் பொறுப்பேற்று நடத்திவருகிறேன். ஒவ்வொரு பதிவையும் ரசீது வெளியேறும் முன் மறுபடி சரிபார்க்கும் முறையை அங்கே கடைப்பிடிக்கிறேன். முதலாளியின் கடிதத்தையும் கணினிக் கணக்குப் பயிற்சியின் சான்றிதழையும் இணைத்துள்ளேன். தற்போது காலியாக உள்ள பண்டகசாலைக் கிராணி பணிக்கு என்னைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் மன்னிப்பு மன்றாட்டும் இல்லை, யார்மீதும் பழியும் இல்லை, குடும்பக் கஷ்டமும் இல்லை. குடும்பச் சூழ்நிலைதான் உண்மையான காரணம் என்றால் ஒரு வரியில் சொல்லி, அது இப்போது எப்படி மாறியிருக்கிறது என்பதை அடுத்த வரியில் சொல்லிவிட வேண்டும். “எனக்கு மூன்று பிள்ளைகள்” என்பது படிப்பவர் மனத்தைத் தொடும். ஆனால் அவர் முடிவெடுக்க அது உதவாது.

சிபாரிசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், சங்கத் தலைவர் என்று யாரையாவது முன்னால் அனுப்புவது வழக்கம். விண்ணப்பத்துக்கு முன் அப்படிச் செய்தால், தன்மேல் அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று நிர்வாகி நினைப்பார். உங்கள் ஆதாரங்களைப் படிக்கும் முன்பே மனத்தை மூடிக்கொள்வார். நிர்வாகியின் பங்களா வாசலுக்கும் போக வேண்டாம். அலுவலக நேரத்தில், அலுவலகத்தில், சம்பள நாள் அல்லாத ஒரு நாளில் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

நேர்முகத் தேர்வு

“உன்னைத்தான் ஏற்கெனவே அனுப்பிவிட்டோமே, இப்போது ஏன் எடுக்க வேண்டும்?” என்ற கேள்வி எப்படியும் வரும். அதைக் கேட்பவர் உங்களை அவமதிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை எடுத்தால் தலைமையகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அந்தப் பதிலை உங்கள் வாயிலிருந்து கேட்க விரும்புகிறார். என்ன தவறியது, ஏன் தவறியது, அதற்குப் பிறகு என்ன செய்தேன், அதற்கு ஆதாரம் என்ன என்ற வரிசையில் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்திவிடுங்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து இதை உரக்கச் சொல்லிப் பழகுவது அவசியம். பழகாதவர்கள் இரண்டாம் வாக்கியத்திலேயே பழைய மேற்பார்வையாளரைக் குறைசொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மேற்பார்வையாளர் அடுத்த அறையில் இருக்கலாம்; உங்களை எடுத்தால் அவருக்குக் கீழேயே வேலை செய்ய வேண்டியிருக்கலாம். “அவரோடு மீண்டும் வேலை செய்ய முடியுமா” என்று கேட்டால், முடியும் என்பதோடு நிறுத்தாமல், “தவறு வந்தால் மறைக்காமல் அன்றைக்கே அவரிடம் சொல்வேன், ஐயா” என்பது போல் செயலைச் சொல்லுங்கள்.

மறுத்துவிட்டால், காரணத்தை மரியாதையாகக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். புதிதாகக் காட்ட எதுவும் சேராமல் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டாம். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிந்துகொண்டு, ஈப்போ, கோலகங்சார் பக்கமும் தேடிக்கொண்டிருங்கள்.

எடுத்துக்கொண்டால், கையெழுத்திடும் முன் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வேலை நியமனக் கடிதத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை உங்கள் சேவைக்காலம் புதிதாகத் தொடங்குகிறது என்றே கொள்ளுங்கள். அதனால், முன்பு ஐந்தாண்டுக்கு மேல் இருந்து ஆண்டு விடுமுறை 16 நாளாக இருந்தவருக்கு, 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் குறைந்தபட்ச அளவான 8 நாளே மீண்டும் தொடக்கமாக இருக்கலாம். வேலைநீக்க முன்னறிவிப்பும் எட்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகக் குறையலாம். பழைய சேவையைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்காக வேலையையே இழக்கும் அளவுக்கு வற்புறுத்த வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, தோட்ட வீடு உண்டா, சோதனைக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, சோதனைக் காலத்தில் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். “நன்றாக வேலை செய்” என்பது எதிர்பார்ப்பு ஆகாது. இருப்புக் கணக்கு மாதம் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், எத்தனை பிழை வரை பொறுத்துக்கொள்ளப்படும், யார் மதிப்பிடுவார், எப்போது மதிப்பிடுவார் என்பன எழுத்தில் இருக்கட்டும். அவர்கள் எழுதித் தரவில்லை என்றால், பேசியதை நீங்களே ஒரு மின்னஞ்சலாக எழுதி, சரிதானா என்று கேட்டு அனுப்புங்கள். முதல் மாத முடிவில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய், ஒவ்வொரு வரியாகக் காட்டி, எங்கே நிற்கிறேன் என்று கேளுங்கள். அவர் சொன்னதைத் தேதியோடு குறித்து வைத்து, இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் அதையே செய்யுங்கள்.